மார்க் டுவைனைப் படித்தலும் பயிற்றுதலும்



மார்க் டுவைன் என்ற பெயரைக் கேட்டதும் நம்மில் பலருக்கு நினைவில் எழுபவன் வேலிக்குச் சுண்ணாம்பு அடிக்கும் சிறுவன் டாம் சாயர். தனக்குத் தண்டனையாக இடப்பட்ட வேலையை ஏதோ பெறற்கரும் பேறு போலக் காட்டி, மற்றப் பிள்ளைகள் தம்மிடமுள்ள விளையாட்டுப் பொருள்களைக் கொடுத்துவிட்டு அவ்வேலையைத் தாங்களே செய்யும்படி ஏய்த்துவிடுகிறான் அவன். 1876ஆம் ஆண்டில் வெளிவந்த அந்நூலைப் பள்ளிப் பருவத்திலேயே நம் பிள்ளைகள் சுருக்கப் பதிப்பில் படித்து மகிழ்கிறார்கள். ஆனால் அதே ஆசிரியர் அடுத்து எழுதிய ஹக்கிள்பெரி ஃபின் கதையைக் கையில் எடுக்கும்போது மாணவரும் தடுமாறுகிறார். ஆசிரியரும் சற்றுத் தயங்குகிறார். அந்தத் தடுமாற்றம் எதனால் வருகிறது, அதனை வகுப்பறையில் எவ்வாறு எதிர்கொள்வது என்பதைப் பற்றியே இன்று பேசுவோம்.

முதலில் ஆசிரியரைப் பற்றிச் சில செய்திகள். சாமுவேல் லாங்ஹார்ன் கிளெமென்ஸ் என்பது அவருடைய இயற்பெயர். 1835ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் மிசூரி மாநிலத்தில் பிறந்தார். மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள ஹானிபல் என்னும் சிற்றூரில் வளர்ந்தார். பதினோரு வயதில் தந்தையை இழந்தார். அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலை, பின்னர் நீராவிக் கப்பலின் மாலுமி வேலை, அதன்பின் நெவாடாவில் பத்திரிகை வேலை என்று பல தொழில்கள் பார்த்தார். ஆற்றின் ஆழத்தை அளக்கும் கப்பலாட்கள் இரண்டு பாகம், அதாவது பன்னிரண்டு அடி, ஆழமுண்டு என்பதைக் கூவி அறிவிக்கும் சொல்தான் மார்க் டுவைன் என்பது. அந்த ஆழமிருந்தால் கப்பல் தரைதட்டாமல் செல்லும். 1863ஆம் ஆண்டில் அதனையே தம் புனைபெயராக்கிக் கொண்டார். 1910ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் மறைந்தார். தேர்வுக்கு வேண்டிய வரலாறு இவ்வளவே.

தேர்வுக்கு வேண்டாத, ஆனால் நூலைப் புரிந்துகொள்ள மிகவும் வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஹானிபல் அடிமைகளை விற்கவும் வாங்கவும் சட்டம் இடங்கொடுத்த ஊர். ஆற்றுக்கு அக்கரையில் இருந்த இல்லினாய்ஸ் அடிமை முறை இல்லாத மாநிலம். கிளெமென்சின் வீட்டிலும் அடிமைகள் இருந்தனர். சாண்டி என்ற ஓர் அடிமைச் சிறுவன் அந்த வீட்டில் வேலை செய்தான். மேரிலாந்தில் தன் குடும்பத்தாரிடமிருந்து பிரித்துக் கொண்டுவரப்பட்டவன் அவன். நாள் முழுதும் பாடுவதும் சீழ்க்கையடிப்பதும் கூச்சலிடுவதுமாக இருப்பான். பொறுக்கமாட்டாத சிறுவன் சாமுவேல், அவனை வாயை மூடச் சொல்லும்படி ஒருநாள் தன் தாயிடம் முறையிட்டான். தாயின் கண்களில் நீர் வந்துவிட்டது. அவன் பாடும்போது தன் தாயை நினைக்கவில்லை என்று பொருள், அவன் சும்மா இருந்தால்தான் எனக்கு வருத்தம், அவன் இனித் தன் தாயைக் காணவே போவதில்லை என்னும் கருத்துப்பட அந்த அம்மையார் விடை சொன்னாராம். முதுமையில் தம் வாழ்க்கை வரலாற்றைச் சொல்லும்போது டுவைன் இதனை நினைவுகூர்ந்திருக்கிறார். அத்தகைய இளகிய மனம் படைத்த அம்மையாருக்கும் அடிமை முறை தவறு என்று தோன்றவில்லை. சமயக் குருமார்கள் அதனைக் கடவுளின் ஏற்பாடு என்றே போதித்தனர் என்பதையும் அவரே எழுதியிருக்கிறார். நல்லவர்களும் தீமையைத் தீமை என்று உணராமல் வாழ முடியும் என்ற இந்த அனுபவத்திலிருந்துதான் ஹக்கிள்பெரி ஃபின் பிறந்தது.

நூலை அவர் 1876ஆம் ஆண்டுக் கோடையில் தொடங்கினார், நடுவில் நிறுத்தினார், மீண்டும் எடுத்தார், 1883இல்தான் முடித்தார். 1884ஆம் ஆண்டு டிசம்பரில் இங்கிலாந்திலும், 1885ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவிலும் வெளியாயிற்று. குடிகாரத் தந்தையிடமிருந்து தப்பியோடும் வெள்ளைச் சிறுவன் ஹக். தன்னை எண்ணூறு டாலருக்குத் தெற்கே நியூ ஆர்லியன்ஸ் பக்கம் விற்றுவிடப் போகிறாள் எஜமானி என்பதை ஒட்டுக்கேட்டுத் தப்பியோடும் கறுப்பு அடிமை ஜிம். இருவரும் ஒரு தெப்பத்தில் ஆற்றோடு போகிறார்கள். கதை இதுதான்.

இனி, அங்கதம் என்பதைப் பற்றி. இது நமக்குப் புதிய சரக்கன்று. தொல்காப்பியர் செய்யுளியலில் அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என்று இரண்டாகப் பகுத்துச் சொல்லியிருக்கிறார். வெளிப்படையாகப் பழிப்பது முன்னது. பழியை மறைத்து வைத்துச் சொல்வது பின்னது. அதியமானின் தூதாகச் சென்ற ஔவையார், தொண்டைமானின் படைக்கலங்கள் நெய் பூசி மாலை சூட்டி எவ்வளவு அழகாக இருக்கின்றன என்று புகழ்வது போலச் சொல்லி, அவை போரையே கண்டதில்லை என்று குத்திய புறநானூற்றுப் பாடலை அறியாத தமிழ் மாணவர் இல்லை. அந்தப் பாடலை நடத்தும் ஆசிரியர் டுவைனையும் நடத்தலாம். ஒரே ஒரு வேறுபாடு. ஔவையார் தாம் குத்துவதை அறிந்தே குத்துகிறார். ஹக்கோ தான் சொல்வதில் குத்தல் இருப்பதையே அறியான். பதின்மூன்று பதினான்கு வயதுப் பையன் கண்டதைக் கண்டபடி சொல்லிக்கொண்டு போகிறான். பழி அவன் பின்னே நிற்கும் ஆசிரியருடையது. வகுப்பில் மாணவர்களுக்கு இந்த ஒன்றைப் புரியவைத்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது போலத்தான்.

ஆகவே, ஒவ்வோர் அதிகாரத்திற்கும் இரண்டே கேள்விகளைக் கரும்பலகையில் எழுதிப் போடுவது நல்லது. இந்த இடத்தில் ஹக் என்ன நம்புகிறான்? இந்த இடத்தில் நாம் என்ன நினைக்கவேண்டும் என்று டுவைன் விரும்புகிறார்? இவ்விரண்டு விடைகளும் ஒன்றாக இல்லாத இடமே அங்கதம் இருக்கும் இடம்.

சில இடங்களை எடுத்துக் காட்டுவோம். ஆறாம் அதிகாரத்தில் ஹக்கின் தந்தை குடித்துவிட்டு அரசாங்கத்தைத் திட்டுகிறான். ஒஹாயோவிலிருந்து வந்த ஒரு சுதந்திரக் கறுப்பர், கல்லூரிப் பேராசிரியர், பல மொழிகள் அறிந்தவர், தம் மாநிலத்தில் வாக்களிக்கவும் உரிமை பெற்றவர் என்பது அவனால் பொறுக்க முடியாததாக இருக்கிறது. இப்படிப்பட்டவருக்கு வாக்குரிமை உண்டென்றால் தான் இனி வாக்களிக்கவே மாட்டேன் என்கிறான். நடக்க முடியாத அளவு குடித்திராவிட்டால் அன்றைக்கு வாக்களிக்கப் போயிருப்பானாம்! தன் பிள்ளையின் பணத்தைப் பறிக்க முயலும் எழுத்தறிவில்லாத அவன், கற்ற ஒருவரைத் தோல் நிறத்தால் தனக்குக் கீழ் என்று எண்ணுவதை டுவைன் ஒரு சொல்லும் விமரிசிக்காமல் அப்படியே பேசவிடுகிறார்.

பதினெட்டாம் அதிகாரத்தில் இரண்டு பெரிய குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பகை கொண்டு ஒருவரையொருவர் சுட்டுக் கொல்கின்றன. பகை எதனால் மூண்டது என்று எவருக்கும் சரியாகத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை இரு குடும்பத்தாரும் ஒரே தேவாலயத்திற்குத் துப்பாக்கியும் கையுமாக வருகிறார்கள். முழங்கால்களுக்கிடையே துப்பாக்கியை வைத்துக்கொண்டு சகோதர அன்பைப் பற்றிய பிரசங்கத்தைக் கேட்கிறார்கள். வீடு திரும்பும் வழியில் பிரசங்கம் நன்றாக இருந்ததாகப் பாராட்டுகிறார்கள். ஹக்குக்கு இதில் முரண் எதுவும் தெரியவில்லை. பிரசங்கம் சலிப்பாக இருந்தது என்பது மட்டுமே அவன் குறை.

இருபத்திரண்டாம் அதிகாரத்தில் கர்னல் ஷெர்பர்ன், தன்னைத் தூக்கிலிட வந்த கும்பலை வீட்டு முகப்பில் நின்று கோழைகள் என்று முகத்துக்கு நேரே ஏசுகிறான். இது செம்பொருள் அங்கதம். டுவைன் இவ்வகையை அருமையாகவே கையாள்கிறார்; நம் கருத்தில் அவருடைய பெரும் வலிமை மற்றதில்தான் இருக்கிறது.

முப்பத்தொன்றாம் அதிகாரம் நூலின் உயிர்நாடி. ஜிம் பிடிபட்டுவிடுகிறான். அவன் இருக்குமிடத்தை எஜமானிக்கு அறிவிப்பதே நேர்மை என்று ஹக்கின் மனச்சாட்சி இடித்துரைக்கிறது. பிறர் உடைமையைத் திருட உதவுவது பாவம், பாவம் செய்தவர் நரகம் புகுவார் என்பதே அவன் ஊரில் அவனுக்குக் கற்பிக்கப்பட்ட பாடம். கடிதம் எழுதிவிடுகிறான். எழுதியதும் பாவம் கழுவப்பட்டது போல் மனம் இலேசாகிறது. பிறகு தெப்பத்தில் கழிந்த இரவும் பகலும் நினைவுக்கு வருகின்றன. தான் தூங்கட்டும் என்று ஜிம் தன் காவல் முறையையும் சேர்த்துப் பார்த்தது நினைவுக்கு வருகிறது. கடிதத்தைக் கிழித்தெறிந்துவிட்டு, நரகத்துக்கே போகிறேன் என்று தீர்மானித்துக்கொள்கிறான். அவன் தான் நல்லது செய்ததாக எண்ணவில்லை என்பதை மாணவர்கள் கவனிக்கவேண்டும். தன்னைக் கெட்டவன் என்றே அவன் கடைசிவரை நம்புகிறான். அவனுடைய மனச்சாட்சியே அவ்வூரார் செய்து கொடுத்த பொருள். நெஞ்சின் அன்பு மட்டும்தான் அவனுடைய சொந்தப் பொருள். இங்கே வகுப்பில் மேலே சொன்ன இரண்டு கேள்விகளையும் கேட்டுப் பார்த்தால், எவ்வளவு பின்தங்கிய மாணவரும் விடை சொல்லிவிடுவார்.

இப்போது, ஆசிரியர்கள் தயங்கும் காரணத்திற்கு வருவோம். கறுப்பர்களை இழிவுபடுத்த ஆங்கிலத்தில் வழங்கிய ஒரு சொல் இந்நூலில் இருநூறு முறைக்கு மேல் வருகிறது. 1885இல் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கான்கார்டு பொது நூலகம் இந்நூலை விலக்கியபோது, இது முரட்டுத்தனமானது, நாகரிகமற்றது என்பதே காரணமாகக் கூறப்பட்டது. அந்தச் சொல் எவர் கண்ணையும் உறுத்தவில்லை. (இந்தத் தடையால் இருபத்தையாயிரம் பிரதிகள் கூடுதலாக விற்கும் என்று டுவைன் மகிழ்ந்தார்.) கறுப்பின மாணவர்களும் வெள்ளையரும் ஒரே வகுப்பில் அமரத் தொடங்கிய பிறகு நிலைமை மாறியது. 1957இல் நியூயார்க் நகரக் கல்வி வாரியம் தொடக்க, இடைநிலைப் பள்ளிகளுக்கான பாடநூற் பட்டியலிலிருந்து இதனை நீக்கியது. அதன்பின் பல ஊர்களில் பெற்றோர் எதிர்ப்புத் தெரிவித்து வந்துள்ளனர். 2011இல் ஆலன் கிரிபன் என்னும் பேராசிரியர், அந்தச் சொல் வரும் இடங்களிலெல்லாம் அடிமை என்ற சொல்லை இட்டு ஒரு பதிப்பை வெளியிட்டார். அதற்கும் கடுமையான எதிர்ப்பு எழுந்தது.

இந்தப் பெற்றோரின் குறையை எளிதாகத் தள்ளிவிடலாகாது. முப்பது பேர் கொண்ட வகுப்பில் ஒரே ஒரு கறுப்பினப் பிள்ளை அமர்ந்திருக்கிறது; ஆசிரியரோ மற்றொரு மாணவரோ அந்தச் சொல்லை உரக்கப் படிக்கும்போதெல்லாம் எல்லாக் கண்களும் அந்தப் பிள்ளையின் பக்கம் திரும்புகின்றன. ஆசிரியர் அங்கதம் என்று விளக்கம் சொல்லலாம். கூனிப் போன அந்தப் பிள்ளையின் காதில் அது ஏறுமா? கூலி என்பது உழைப்புக்கு ஊதியம் என்று பொருள்படும் நம் சொல்தான். தோட்டப்புறத்தில் அதே சொல் ஆளைக் குறித்து அதட்டலாக ஒலித்தபோது எப்படி உறைத்தது என்பதை நம் முன்னோர் அறிவார்கள். ஆகையால் இதனைப் புரிந்துகொள்ள நமக்கு நெடுந்தூரம் போகவேண்டியதில்லை.

அப்படியானால் சொல்லை மாற்றிவிடலாமா? நாம் அதனை விரும்பவில்லை. முப்பத்திரண்டாம் அதிகாரத்தில் ஒரு சிறு உரையாடல். கப்பல் இயந்திரம் வெடித்துவிட்டதாக ஹக் ஒரு பொய்யைச் சொல்கிறான். எவருக்காவது காயம் பட்டதா என்று சாலி அத்தை கேட்கிறாள். இல்லை, ஒரு கறுப்பன் செத்தான், அவ்வளவுதான் என்பது போல விடை சொல்கிறான், அந்த இழிசொல்லைப் பயன்படுத்தி. நல்லவேளை, சில சமயம் மனிதர்களுக்கு அடிபட்டுவிடுகிறது என்று அவள் ஆறுதல் கொள்கிறாள். சாலி அத்தை கொடியவள் அல்லள். அன்பானவள், விருந்தோம்புபவள், பிள்ளைகளிடம் உயிரையே வைத்திருப்பவள். அவளுடைய வாயில் அந்த எண்ணம் எவ்வளவு இயல்பாக வருகிறது என்பதுதான் அங்கு அச்சமூட்டுவது. சொல்லை மென்மையாக்கினால் அந்தச் சமூகத்தையே மென்மையாக்கிக் காட்டியதாகிவிடும். அதே சமயம், அச்சில் இருப்பதை வாய்விட்டுப் படித்தே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சொல்லின் வரலாற்றை முதல் நாளே விளக்கி, வகுப்பில் அதனை உச்சரிப்பதில்லை என்று மாணவர்களோடு ஓர் ஏற்பாடு செய்துகொண்டு, கண்ணால் படித்து, வாயால் விட்டுவிடலாம். பதினொரு பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு இந்நூல் வேண்டாம். அவர்களுக்கு டாம் சாயரோ, 1881இல் வந்த இளவரசனும் ஏழையும் கதையோ போதும். பதினாறு வயதுக்கு மேல் இதனைத் தொடுவது நல்லது.

சுருக்கப் பதிப்புகளைப் பற்றியும் ஒரு சொல். ஆற்றில் போகும் சாகசக் கதை என்று நினைத்து, சம்பவங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் வெட்டிவிடுகிறார்கள். மேலே நாம் காட்டிய இடங்களில் பாதி அவற்றில் இருப்பதில்லை. புளியை நீக்கிய புளிக்குழம்பு அது. முழு நூலையும் படிக்க நேரமில்லை என்றால், மூல நூலில் ஆறேழு அதிகாரங்களைப் பொறுக்கி எடுத்துப் படிப்பது மேல்.

ஜிம்மைப் பற்றிப் பேசவேண்டும். தொடக்க அதிகாரங்களில் அவன் மூடநம்பிக்கை நிறைந்த கோமாளியாகவே தோன்றுகிறான். அக்கால மேடைகளில் வெள்ளையர் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பராக நடித்து மக்களைச் சிரிக்கவைத்த கூத்துகளின் சாயல் அதில் இருப்பதை மறுப்பதற்கில்லை. டுவைனுக்கு அக்கூத்துகள் மிகவும் பிடிக்கும். ஆனால் பதினைந்தாம் அதிகாரத்தில் ஒன்று நிகழ்கிறது. மூடுபனியில் பிரிந்துபோன ஹக் திரும்பி வந்து, பிரிந்ததே இல்லை, எல்லாம் நீ கண்ட கனவு என்று ஜிம்மை ஏமாற்றுகிறான். உண்மை வெளிப்பட்டதும், உன்னை இழந்துவிட்டேன் என்று என் நெஞ்சு உடைந்து கிடந்தது, நீயோ என்னை எப்படி முட்டாளாக்கலாம் என்று பார்த்திருக்கிறாய், நண்பனை வெட்கப்படுத்துபவன் குப்பைக்குச் சமம் என்னும் பொருள்படச் சொல்லிவிட்டு ஜிம் உள்ளே போய்விடுகிறான். மன்னிப்புக் கேட்க மனத்தைப் பக்குவப்படுத்திக்கொள்ள ஹக்குக்குப் பதினைந்து நிமிடம் பிடிக்கிறது. ஆனால் கேட்டுவிடுகிறான். அடிமையிடம் வெள்ளைச் சிறுவன் மன்னிப்புக் கேட்பது அந்நாளில் எண்ணிப் பார்க்கவும் முடியாத செயல். இதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே, 1874இல், எல்மைரா நகருக்கருகே தம் மைத்துனி வீட்டில் சமையல் செய்த மேரி ஆன் கார்டு என்ற அம்மையார், தம் ஏழு பிள்ளைகளும் ஏலத்தில் விற்கப்பட்டதையும் உள்நாட்டுப் போரின்போது கடைசி மகனைக் கண்டுகொண்டதையும் சொல்லக் கேட்டு, டுவைன் அதனைக் கதையாக எழுதி வெளியிட்டிருந்தார். அந்த அம்மையாரின் குரலைக் கேட்டவர்தான் ஜிம்மின் குரலை எழுதினார்.

நூலின் கடைசிப் பத்து அதிகாரங்களைப் பற்றி அறிஞர்களிடையே இன்றும் உடன்பாடு இல்லை. டாம் சாயர் வந்து சேர்கிறான். கொட்டகையில் அடைபட்டிருக்கும் ஜிம்மை எளிதாக விடுவிக்க முடியும். ஆனால் சாகச நூல்களில் படித்தபடி செய்யவேண்டும் என்று வாரக்கணக்கில் அவனைப் பாடாய்ப் படுத்துகிறான். எஜமானி இறக்கும்போதே ஜிம்மை விடுதலை செய்துவிட்டாள் என்பது டாமுக்கு முன்பே தெரியும் என்று இறுதியில் தெரியவருகிறது. டி. எஸ். எலியட் இந்த முடிவு பொருத்தமே என்றார். லியோ மார்க்ஸ் 1953இல் எழுதிய கட்டுரையில் இது நூலின் நோக்கத்தையே குலைத்துவிட்டது என்றார். வேறு சிலர், சட்டப்படி விடுதலை பெற்ற ஒருவனை மீண்டும் கட்டிவைத்து விளையாடுவது, டுவைன் நூலை எழுதி முடித்த காலத்து அமெரிக்காவையே குறிக்கிறது என்பர். 1865இல் அடிமை முறை ஒழிந்தது. 1877க்குப் பின் தென்மாநிலங்களில் கறுப்பரின் உரிமைகள் ஒவ்வொன்றாகப் பறிபோயின. 1883இல் உச்சநீதிமன்றமும் அதற்குத் துணைபோனது. இந்த விளக்கம் நமக்குப் பிடித்திருக்கிறது. ஆனாலும் அந்த அதிகாரங்களைப் படிக்கையில் ஏற்படும் சலிப்பை அது முழுதும் போக்கிவிடுவதில்லை என்றும் சொல்லவேண்டும்.

டுவைன் நம் பக்கத்து நாடுகளுக்கும் வந்திருக்கிறார். அச்சுக் கோக்கும் இயந்திரம் ஒன்றில் பணத்தைப் போட்டு 1894இல் நொடித்துப்போன அவர், கடனை அடைக்க உலகெங்கும் சொற்பொழிவுச் சுற்றுலா செய்தார். 1896ஆம் ஆண்டு ஜனவரியில் இலங்கை வழியாகப் பம்பாய் சேர்ந்தார். விடுதியில் ஒரு ஐரோப்பியர், சிறு குறைக்காக இந்தியப் பணியாளன் ஒருவன் கன்னத்தில் அறைந்தார். அவன் வாய் திறவாமல் அதனை ஏற்றுக்கொண்டான். இத்தகைய காட்சியைத் தாம் கண்டு ஐம்பது ஆண்டுகள் ஆயின என்று டுவைன் 1897இல் வெளியான தம் பயண நூலில் எழுதினார். ஒரு நொடியில் பம்பாய் மறைந்து ஹானிபல் அவர் கண்முன் நின்றது. அற்பக் குற்றத்துக்காக ஓர் அடிமை தம் கண்ணெதிரே அடித்துக் கொல்லப்பட்டதும், கொன்றவனை எவரும் பெரிதாகக் குறைசொல்லாததும் நினைவுக்கு வந்தன. பிற்காலத்தில் அவர் ஏகாதிபத்திய எதிர்ப்புக் கழகத்தின் துணைத் தலைவராக இருந்ததும், காங்கோவில் பெல்ஜிய மன்னர் லியோபோல்டு நடத்திய கொடுமைகளை 1905இல் ஒரு சிறு நூலில் சாடியதும் இந்தத் தொடர்ச்சியில் வைத்துப் பார்க்கத் தக்கவை.

மேல்வகுப்பு மாணவர்களுக்கு மற்றொரு நூலையும் பரிந்துரைப்போம். பெர்சிவல் எவரெட் என்னும் கறுப்பின அமெரிக்க நாவலாசிரியர் 2024இல் ஜேம்ஸ் என்ற நாவலை எழுதினார். 2025இல் அது புலிட்சர் பரிசு பெற்றது. அதில் கதையைச் சொல்பவன் ஜிம். அடிமைகள் தமக்குள் திருத்தமான ஆங்கிலம் பேசுகிறார்கள். வெள்ளையர் காதில் விழும்போது மட்டும் கொச்சையாகப் பேசி நடிக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அந்த நடிப்பைப் பாடமாகவே சொல்லிக் கொடுக்கிறார்கள், அடியிலிருந்து தப்புவதற்காக. இந்நூலைப் படித்தபின் டுவைனின் பதினைந்தாம் அதிகாரத்தை மீண்டும் படித்தால், ஜிம் எங்கே நடிக்கிறான், எங்கே நடிப்பை விட்டுவிடுகிறான் என்ற புதிய கேள்வி எழும். வகுப்பில் ஒரு மணி நேரம் விவாதிக்க அதுவே போதும்.

வாசிக்கும் முறையைப் பற்றி ஒன்று சொல்லி முடிப்போம். டுவைன் மேடைப் பேச்சாளர். எங்கே நிறுத்தினால் கேட்பவர் சிரிப்பார் என்பதை அறிந்து எழுதியவர். ஆகவே ஆசிரியர்கள் இந்நூலைப் பத்தி பத்தியாக வாய்விட்டுப் படித்துக் காட்டவேண்டும். பல வட்டார வழக்குகளைத் தாம் வேண்டுமென்றே கவனத்தோடு பயன்படுத்தியதாக நூலின் தொடக்கத்திலேயே அவர் குறிப்பு எழுதியிருக்கிறார். ஜிம்மின் பேச்சைப் படிக்கும்போது குரலை மாற்றிக் கேலியாக இழுத்துப் பேசவேண்டாம். இயல்பான குரலே போதும். தமிழில் எடுத்துச் சொல்லும்போதும் ஹக்கின் பேச்சை மேடைத் தமிழில் சொன்னால் பையன் மறைந்து புலவர் வந்து நின்றுவிடுவார். வீட்டில் நம் பிள்ளைகள் பேசும் தமிழிலேயே சொல்லலாம்.

அடுத்த பேச்சில் இருபத்து மூன்றாம் அதிகாரத்தை, ஜிம் தன் செவிட்டு மகளை நினைத்து வருந்தும் பகுதியை, விரிவாகப் பார்ப்போம். அதற்குள் பதினைந்தாம், முப்பத்தொன்றாம் அதிகாரங்களை மூலத்தில் ஒருமுறை படித்து வைத்திருக்கவேண்டும்.